லாச்சப்பலில் ஓர் இத்தாலிய எக்கோ மெஷினும் நான் விட்ட ஒரு சொட்டு எண்ணெயும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பாரிஸ் போய்வந்தேன். ஐஃபில் கோபுரம் பார்க்க அல்ல, பாடும் குரலை எதிரொலியாக்கித் தரும், பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு பழைய எக்கோ மெஷினை ஒப்படைக்க. எண்பதுகளின் இத்தாலிய போஸ்ட்-பங்க் இசைக்காக ஊர்விட்டு ஊர் போகும் தமிழர்கள் என்னைத் தவிர யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் தோசை விலைக்காகப் படிக்கலாம், தப்பில்லை.

எனக்கு ஊர் கோயம்புத்தூர். லியோனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். ஆறு வருடத்துக்கு முன் என்னோடு வேலை பார்க்கும் இத்தாலியர் ஒருவர் ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினார். வாஷிங் மெஷினில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது முறை கேட்டபோது விட முடியவில்லை. பங்க் அலை ஓய்ந்த சமயத்தில் போலோன்யா, ஃப்ளோரன்ஸ் பக்கத்து இளைஞர்கள் மலிவான சிந்தசைசர், டிரம் மெஷின், ஒரு பேஸ் கிடார் என்று வைத்துக்கொண்டு சமையலறையிலேயே பதிவு செய்து, கேசட்டாக நகலெடுத்துத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைப் பாட்டு என்று சொன்னால் என் அம்மா சண்டைக்கு வருவார். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

அந்தக் கேசட்டில் பாடியவர் லொரெட்டா. இப்போது அறுபத்தேழு வயது. முப்பது வருடத்துக்கும் மேலாக மேடை ஏறாதவர், பாரிஸில் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சின்ன அரங்கில் மாலை ஆறு மணிக்குப் பாட ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே நிபந்தனை, அவருடைய பழைய எக்கோ மெஷின் ஓட வேண்டும். பழைய மெஷின்களை நோண்டுவது என் பொழுதுபோக்கு என்பதால், அந்த இத்தாலிய நண்பர் வழியாக அது என் கைக்கு வந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து ஓட வைத்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் சோதித்தபோது லேசாகக் கிறீச்சிட்டது. கதவு கிறீச்சிட்டால் நாம் என்ன செய்வோம்? ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அதையேதான் செய்தேன். சத்தம் நின்றுவிட்டது, எனக்கோ ஒரே பெருமை.

காலை 8.04க்கு லியோனில் ரயில், 10.04க்கு பாரிஸ். மூன்று வாரம் முன்பே எடுத்ததால் 39 யூரோதான். இறங்கி ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் கார் து நோர். அங்கிருந்து லாச்சப்பல் கடைத்தெருவுக்குப் பத்து நிமிட நடை, பெட்டியோடு எனக்கு இருபத்தைந்து நிமிடம். சனிக்கிழமை என்பதால் புறநகர்க் குடும்பங்களெல்லாம் முருங்கைக்காய்க்கும் நகைக்கும் அங்கேதான் வந்திருந்தன. மசாலா தோசை 7 யூரோ, சாம்பார் சுமார், சம்பல் பிரமாதம்.

இரண்டரை மணிக்கு அரங்கில் ஒலிச் சோதனை. லொரெட்டா மைக்கில் ஒரு சொல் சொன்னார். அது இழுத்துக்கொண்டு, தடுமாறி, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலத் திரும்பி வந்தது. ஒலியமைப்பாளர் கணினியிலேயே எக்கோ வைத்துத் தருகிறேன் என்றார். லொரெட்டா அதை வைத்துப் பாதிப் பாட்டு பாடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். அவர் பாட்டில் நாலைந்து சொற்கள்தான். ஒரு சொல்லை விட்டெறிவார், மெஷின் அதைக் கொஞ்சம் தேய்த்துத் திருப்பித் தரும், அதன்மேல் அடுத்ததைப் பாடுவார்.

“என் மெஷின் இல்லாமல் இந்தப் பாட்டு இல்லை. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்” என்றார், கோபமே இல்லாமல்.

மூடியைத் திறந்தேன். உள்ளே காந்த உருளையைச் சுழற்றும் சின்ன ரப்பர் சக்கரம் எண்ணெயில் ஊறி உப்பி, வழுக்கிக்கொண்டிருந்தது. “ரப்பர் பழசாகிவிட்டது” என்றேன். பொய்தான், வாயில் வந்துவிட்டது.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் பயனில்லை. சக்கரத்தைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி எடுத்துக்கொண்டு 3.10க்குத் தெருவில் இறங்கினேன். போன் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பாத்திரக் கடையில் எங்கள் ஊர் கிரைண்டர்கள் வரிசையாக நின்றன, ஆனால் பெல்ட் ஒவ்வொன்றும் என் கை நீளம். அடுத்த சேலைக் கடையின் பின்னால் ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம்! கிட்டத்தட்ட அதே அளவு.

“அக்கா, அந்த வளையம் மாதிரி ஒண்ணு கிடைக்குமா? இந்தச் சக்கரம் ஓடலைன்னா ஆறு மணிக்குப் பாட்டே இல்லை.”

“உங்கடை சில்லைக் காட்டுங்கோ, தங்கச்சி.” சக்கரத்தை வாங்கி மோந்து பார்த்தார். “என்னத்தை விட்டனீங்கள்?”

“தேங்காய் எண்ணெய்.”

“ரப்பருக்கோ? ஐயோ கடவுளே! வழுக்காமல் என்ன செய்யும்?”

பிளவுஸுக்காகக் காத்திருந்த பெண்மணி சிரித்துவிட்டு, “அக்கா, நான் ஓல்னேக்கு ரயில் பிடிக்கவேணும்” என்றார்.

“ஓம், பத்து நிமிசம் பொறுங்கோ. இவவின்ரை பாட்டு நிண்டு போச்சாம்.”

பழைய ரப்பரை உரித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து புது வளையம் ஒன்றை எடுத்து என் சக்கரத்தில் மாட்டி, டேப்பால் அளந்தார். நான் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் பருமன். “அளவு பாராமல் நான் ஒண்டும் குடுக்கிறேல்லை” என்று சொல்லி, அந்த வளையத்தைத் தன் மெஷினில் மாட்டி ஓடவிட்டு, உப்புத்தாளை மெல்லப் பிடித்தார். நிறுத்தினார், அளந்தார், மறுபடி ஓட்டினார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. இன்னொன்றையும் அதே அளவுக்குத் தேய்த்தார். “ரெண்டாய்க் கொண்டு போங்கோ. ரெண்டு யூரோ.” எனக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது.

4.20க்குப் பொருத்தினேன். உருளை ஒரே சீராகச் சுழன்றது. அப்போதுதான் என்னால் லொரெட்டாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது. “கெடுத்தது நான்தான்” என்று முழுவதையும் சொன்னேன். அவர் குனிந்து மெஷினை முகர்ந்தார். “இந்த வாசனை தெருவிலிருந்து வருகிறது என்றல்லவா நினைத்தேன்!” என்று சிரித்தவர், உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு மைக்கைப் பார்த்துப் போய்விட்டார். மன்னித்தாரா என்று தெரியவில்லை.

ஆறு மணிக்கு ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். முதல் சொல் “அஸ்பெத்தா”, இத்தாலிய மொழியில் ‘காத்திரு’ என்று பொருள். பாடிவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு விநாடிக்குள் அது அரங்கின் இருட்டிலிருந்து திரும்பி வந்தது, கொஞ்சம் கரகரத்து, ஆனால் தடுமாறாமல். மறுபடி வந்தது. அதன்மேல் அவர் அடுத்த சொல்லை வைத்தார். ‘அப்பாடா’ என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார், முறைக்கட்டும்.

போக நினைப்பவர்களுக்கு: இதுபோன்ற சின்னக் கச்சேரிகளுக்கு 12 யூரோ, அங்கேயே வாங்கலாம். காதடைப்பான் வேண்டும். சாப்பாட்டை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், பிறகு இடம் கிடைக்காது. பழைய மெஷின் ஏதாவது கொண்டுபோனால் உதிரி ரப்பரும் கொண்டுபோங்கள், ஊர் எண்ணெயை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கச்சேரி முடிந்ததும் மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து லொரெட்டாவிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. “கோடையில் இத்தாலியில், தூரினில் பாடப்போகிறேன். அதுவரை உன்னிடமே இருக்கட்டும்” என்றார். லியோன் வரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.