பூனைவணங்கி

“பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கது இருக்கட்டும் ஏட்டி. முதல்ல இந்தப் பூனைக்குச் சொல்லிக் குடு, பாப்போம்.”

சொன்னவர் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மாடிவீட்டுக்காரர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகளுக்கு டியூஷன் எடுக்கும் வேலையைக் கேட்டுப் போயிருந்தேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள். ஆனாலும் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். பூனை சோபாவில் படுத்திருந்தது.

சோபாவின் கைப்பிடி நார்நாராகத் தொங்கியது. அவர் கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்பளத்திலும் ஒரு மூலை பிய்ந்திருந்தது. அக்கா விளக்குமாற்றால் அடிப்பார். பூனை அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிறாண்டும்.

அடிக்க வேண்டாம் என்றேன். இரண்டு நாள் கவனித்தேன். தூங்கி எழுந்ததும் உடம்பை நீட்டி முறித்துவிட்டு, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் நகத்தைப் போட்டது. ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றி, சோபாவை ஒட்டி ஆடாமல் நிறுத்தினேன். குப்பைமேனி வேரைக் கசக்கிக் கயிற்றில் தேய்த்தேன். பூனை முகர்ந்தது, புரண்டது, கட்டையைக் கட்டிக்கொண்டு பிறாண்டியது. கம்பளத்தின் பக்கம் போனபோதெல்லாம் சத்தம் போடாமல் தூக்கி வந்து கட்டையின் முன்னால் விட்டேன். காலையும் மாலையும் மூன்று வாரம் இதே வேலை. பிறகு அது சோபாவையும் கம்பளத்தையும் பிறாண்டவில்லை.

வேர் விஷயம் எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டார்.

“விஞ்ஞானப் புத்தகத்துல இருக்குக்கா” என்றேன்.

எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மா சொன்னது. ஊரார் தோட்டத்தில் களை பிடுங்கும் அம்மாவிடம் கற்றேன் என்று அந்தக் கூடத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அக்கா சிரித்தார். “குப்பைமேனிக்கு இன்னொரு பேரே பூனைவணங்கில்லா. எங்க மிளகாய்த் தோட்டத்துல களை எடுக்கையில ஒங்கம்மை காட்டித்தான் எனக்கே தெரியும். பெத்தவ சொன்னதைப் புத்தகம்னு சொல்லுதவ, எம்பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பா?”

தெரிந்துகொண்டே மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டியூஷனுக்கு ஒரு வாத்தியாரை முதல் வாரமே பேசி முடித்திருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேண்டுமானால் வீடு கூட்ட வா, பூனையும் உன்னிடம் பழகிவிட்டது என்றார். என் பொய் அவருக்கு வசதியாகப் போயிற்று. அவர் செய்ததை இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் சொன்னதையும்தான்.

அம்மாவிடம் வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பூனை அடங்கியதா என்று கேட்டாள். அடங்கியது என்றேன். அவளுக்கு அதிலேயே சந்தோஷம்.

மறுவாரம் மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் பால்வாடி டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த சித்தப்பாவைத் தேடிப் போகாமல், அம்மாவின் பெருவிரலை மையில் தோய்த்து நானே பிடித்து அழுத்தியிருந்தேன்.