பூட்டிய வீட்டிலிருந்து வந்த ‘ஆஜர்’

கார்டின் ஓரத்தில் கறுப்பு மசி தடவியிருந்தது. அதனால் விஷயம் என்ன என்பது படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. யாருடைய விஷயம் என்பதைத்தான் படிக்க வேண்டியிருந்தது. சேந்தமங்கலத்தில் மகள் வீட்டில் இருந்த அர்த்தநாரி முதலியார் ஞாயிற்றுக்கிழமை காலை காலமானார். சாவுச் செய்தி வந்த கார்டை வீட்டில் வைக்கக்கூடாது என்ற வழக்கப்படி அதைக் கிழித்துப் போட்டேன். பிறகு, சரியாகத்தான் படித்தேனா என்று ஐயம் வந்து, துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து மறுபடி படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

நம் நாமக்கல் வக்கீல் குமாஸ்தாக்கள் சங்கத்தில் இன்று இருக்கும் இளைஞர்களில் பலர் அவரைப் பார்த்ததில்லை. சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். நான் பல வருஷம் அவருக்கு உதவிக் காரியதரிசியாக இருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர என்னைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வேறு காரணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘ஆத்தூராரே’ என்பார்.

ஆள் சேர்ப்பது அந்த நாளில் எளிதாக இல்லை. ஒருமுறை கோர்ட்டு வேப்பமரத்தடியில் ஒரு குமாஸ்தாவைப் பிடித்தோம்.

“சங்கமுங்களா? எங்க வக்கீல் ஐயாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க” என்றார் அவர்.

“ஊட்டுல சோறு திங்கறதுக்கும் ஐயாவக் கேப்பீங்களா?” என்றார் முதலியார்.

“சோறே அவருதானுங்களே போடறாரு!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலியாரும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் அந்த மனிதருடைய குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, அவர் எழுத வேண்டிய நகல்கள் அத்தனையையும் முதலியார் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அந்த மாதமே அவர் சேர்ந்தார். “ஆளச் சேக்கறது ஒரு நாள் வேலை, ஆத்தூராரே. வெச்சுக்கறது வருசம் பூரா வேலை” என்பார் முதலியார்.

சங்க விதிகளை எழுதியவன் நான். ‘தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பெயர் நீக்கப்படும்’ என்று எழுதினேன். முதலியார் படித்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: “பேர அடிக்கறதுக்கு முந்தி, அவன் ஊட்டு வாசல்ல நின்னு மூணு தடவ கூப்புடோணும்.” கோர்ட்டு வழக்கம் அது. டவாலிச் சேவகன் கட்சிக்காரரை மூன்று முறை கூப்பிடுவான். மூன்றாவதற்கும் பதில் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி. “கோர்ட்டே மூணு தடவ கூப்புடுது. நம்ம ஒரு தடவயாச்சும் நடந்து போய்ப் பாக்க வேண்டாமுங்களா?” என்றார். நானும் எழுதிவிட்டேன். கேலி செய்தார்கள். முதலியார் தெருவில் நுழைந்தால், “ஏனுங்க டவாலி, யாரு பேர அடிக்கோணும்?” என்று கூவுவார்கள்.

பிளேக் வந்த வருஷம். ஊரே காலியாகித் தோப்புகளில் கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தது. எங்கள் கூட்டமும் ஒரு புளியந்தோப்பில்தான் நடந்தது. குப்பண்ணன் என்ற உறுப்பினர் அந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை, அது மூன்றாவது. சங்கம் என்றாலே பிடிக்காத ஒரு வக்கீலிடம் அவர் வேலை பார்த்தார். அந்த வக்கீலின் நான்கு குமாஸ்தாக்களில் எங்களோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் பயந்து விலகிவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தோம். நீக்கத் தீர்மானத்தை நான் அழகாக எழுதி வைத்துவிட்டேன்.

“இன்னுங் கூப்புடலீங்களே” என்றார் முதலியார்.

குப்பண்ணன் மனைவியைக் கொட்டகையில் போய்க் கேட்டோம். “ஐயாகூட சேலத்துக்குப் போறமுன்னாருங்க, சாமி. நாலு நாளாச்சு” என்றாள் அந்த அம்மாள். சேலம் போனவரை நாமக்கல்லில் கூப்பிட்டு என்ன பயன் என்று எனக்குத் தோன்றியது. முதலியார், “விதியில ஊட்டு வாசல்னுதானே எழுதியிருக்கீங்க?” என்று கிளம்பிவிட்டார்.

உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. சில கதவுகள் திறந்தபடியே கிடந்தன. ஒரு வாசலில் பழைய கோலம் அழியாமல் இருந்தது. மிதிக்க ஆள் இல்லை. குப்பண்ணன் வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. முதலியார் வாசலில் நின்று கோர்ட்டுக் குரலில் கூப்பிட்டார்.

“குப்பண்ணன்... ஆஜரா?”

மலைக்கோட்டைப் பாறை ‘ஆஜரா’ என்று திருப்பிச் சொன்னது. இரண்டாம் முறையும் அப்படியே.

அந்த நாட்களில் ஒரு பேச்சு உண்டு. நோய் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், மூன்றாவது குரலுக்கு முன் யாரும் பதில் சொல்லக்கூடாது என்பார்கள். அது ஏன் அப்போது நினைவுக்கு வந்ததோ, தெரியாது.

மூன்றாவது முறை கூப்பிட்டார். “ஆஜர்” என்று பதில் வந்தது.

பாறை எதிரொலித்திருந்தால் கேள்வியாகத்தான் வந்திருக்கும். இது பதில். முதலியார் பூட்டைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்து வழியாகப் புழக்கடைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பின்கதவு திறந்திருந்தது. மறந்துபோன ஒரு கேஸ் கட்டை எடுக்க வந்த குப்பண்ணன், காய்ச்சல் கண்டு அங்கேயே விழுந்து கிடந்தார். கண் மட்டும் அசைந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அதுவும் அசைந்திருக்காது என்றார் டாக்டர். நல்லவேளையாகப் பிளேக் இல்லை. பேச்சு வர ஒரு வாரம் ஆயிற்று. வந்ததும் அவர் சொன்னது இது: “கூப்புட்டது கேட்டுதுங்க. மூணும் கேட்டுது. வாயத் தொறந்தேன். சத்தம் வரலீங்க.”

பூட்டிய வீடும் சங்கத்துக்குப் பதில் சொல்லும் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அந்த வக்கீலின் மற்ற மூன்று குமாஸ்தாக்களும் அந்த வருஷமே சேர்ந்தார்கள். அதன் பிறகு யாரும் விலகவில்லை. “விலகுனா வாசல்ல வந்து கூப்புடுவாருடா” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரித்தபடி, தெருப்பக்கம் ஒரு பார்வையும் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு மட்டும் உறுத்தல். குமாஸ்தாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வேறொருவருடைய கட்சிக்காரரை மூன்றாம் முறை கூப்பிடும்போது அவர் இல்லையென்றால், பக்கத்தில் நிற்கும் குமாஸ்தா ‘ஆஜர்’ என்று சொல்லிவிட்டு அவரைத் தேடி ஓடுவார். மனம் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிடும். அன்றைக்குச் சொன்னது என் வாய்தான் என்று வர வர எனக்கு உறுதியாகிவிட்டது. ஒரு சங்கமே என் வாய்த் தவறின்மேல் நிற்கிறது என்று எண்ணி எண்ணி, ஒருவரிடமும் சொல்லத் துணியாமல் இருந்தேன்.

போன தை மாதம் சேந்தமங்கலம் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். கட்டிலில் படுத்துக் கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியுமுங்க” என்றார். “காதுக்குப் பக்கத்துலயே சொன்னீங்க. உங்க சத்தம் எனக்குத் தெரியாதுங்களா?”

எனக்கு மூச்சு வந்தது. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க சொன்னது ரெண்டாவதுங்க. அதுக்கு முந்தியே உள்ளேயிருந்து ஒண்ணு வந்துது.”

“குப்பண்ணன் குரலா?”

“அவன் குரலா இருந்தா ‘வாடா வெளிய’ன்னு வாசல்லயே நின்னிருப்பேன். அது அவன் குரல் இல்லீங்க, ஆத்தூராரே. அதனாலதான் ஓடினேன்.”

பிறகு, காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றார். யாருடைய குரல் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இனிக் கேட்கவும் முடியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் காதில் விழுந்து என் காதில் விழாத அந்த ஒரு சொல். என் பொய் என்று நினைத்து நான் சுமந்திருந்ததை வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதைவிட அந்தப் பொய் இலேசாக இருந்தது.