ஆயிரம் பேர்

கெலிஓயாவில் வட்டிலாப்பம் செய்து விற்கும் அந்தப் பெண், பேசும்போதெல்லாம் துப்பட்டா நுனியால் போனைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பேஸ்புக் பக்கத்துக்கு ஆயிரம் பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்று தினமும் வட்டிலாப்பத்தைப் படம் பிடித்துப் போட்டவர் அவருடைய கணவர். இருநூறைத் தாண்டவில்லை. கணவர் மௌத்தானபோது, அடக்கம் எப்போது என்று சொல்லும் ஜனாஸா அறிவித்தலையும் அதே பக்கத்தில்தான் போட்டார்கள். இரண்டே நாளில் ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பல மாதம் கழித்து, பெருநாளுக்கு வட்டிலாப்பம் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கையிலிருந்த போனில், பக்கத்தின் உச்சியில் இன்னும் அந்த அறிவித்தல்தான் இருந்தது.

"இதை எடுக்கலையா?" என்றேன்.

"எடுத்தா அவங்க போயிருவாங்களே, டீச்சர்."

கணவரையும் அவர் எப்போதும் 'அவங்க' என்றுதான் சொல்வார். யாரைச் சொன்னீர்கள் என்று கேட்காமல், வட்டிலாப்பத்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.