வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஐப்பசிக் காலையில், முக்கூடலில் இருந்து மனைவியை ஸ்கேனுக்காகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒரு சிறுநீரகம் முன்பே சுருங்கிவிட்டது. மற்றதற்குப் போகும் ரத்தக்குழாயும் அடைத்துப் பிரஷர் ஏறியதால், குழாயை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வைத்த மறுநாள் ஸ்கேன் கருவியில் ரத்தம் ஓடும் சத்தம் உஸ்உஸ்ஸென்று கேட்டது. "மடை தொறந்த மாதிரில்லா இருக்கு" என்று அவள் சிரித்தாள். இப்போதும் அப்படி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஸ்கேனின் ஒலியலைக்கும் இட்லிக்கும் என்ன சம்பந்தம் என்று நானே முடிவுசெய்தேன். பஸ் ஸ்டாண்டில் இட்லி வாங்கி வைத்ததும், "வேண்டாங்க, சொல்லியிருக்காங்கல்லா" என்றாள்.

"மயங்கி விழுந்தா நான்தான தூக்கணும்? பேசாம சாப்பிடு."

சாப்பிட்டாள்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா அழுத்தி அழுத்திப் பார்த்தார். குடலில் நிறைந்த காற்று குழாயை மறைத்துவிட்டது. "படிச்ச நீங்களே இப்படிச் செய்யலாமா சார்? நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க" என்றார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது.

"நாளைக்கும் வந்துருவோமே" என்றாள் மனைவி.

"பிரஷர்தான் இறங்கிட்டுல்லா. இனி அங்கன நான் வரல."

போனில் கேட்ட மகனிடம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.

பொங்கல் கழிந்து அவள் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. மறுபடியும் அதே அறை, அதே டாக்டர். கருவியில் சத்தம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஸ்டென்டுக்குள் அடைத்து, அந்தச் சிறுநீரகமும் சுருங்கியிருந்தது. அன்றைக்குச் சொன்னபடி மறுநாளே வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். "ஏன் வரல?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அதற்குள் அவள், "நான்தாம்மா வரமாட்டேன்னுட்டேன். அவுக கூப்பிடத்தான் செஞ்சாக" என்றாள். டாக்டர் அவளைத் திட்டினார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது டயாலிசிஸுக்கு அதே பஸ்ஸில் போகிறோம். இறங்கியதும், "நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்று என்னை அனுப்பிவைக்கிறாள். மகனிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று தெரியும். கேட்டுப் பெறும் துணிச்சல் எனக்கு இல்லாததால், அந்த மன்னிப்பு இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை.