தண்ணீர்க் குழாயில் தெரிந்த கோடு

ஈரச் சாக்கால் மூடிய ஒரு வெள்ளை வாளிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கட்டைபறிச்சானில் இறால் வளர்த்த அக்கா ஒருவர், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் நான் வேலை செய்த சிறிய ஆய்வுகூடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரில் ஒரு குளத்து இறால் வெண்புள்ளி நோயில் செத்திருந்தது. தன் குளத்துக்கும் நோய் வந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவேண்டும். கணவர் இல்லை. அவரும் மகளும் சாப்பிட்டது அந்த ஒரு குளத்தை நம்பித்தான்.

இறாலில் கிருமியின் டிஎன்ஏ இருந்தால், அதைச் சின்னச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குவோம். முப்பது சுற்றில் ஒன்று கோடிக்கணக்காகிவிடும். அதனால் படியெடுத்து முடிந்த குழாய்களைத் திறக்கும் அறையில் புதுக் குழாய் எதையும் கலக்கக்கூடாது. காற்றில் தெறிக்கும் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் அதுவும் பெருகிவிடும். ஆனால் ஏசி இருந்தது அந்த அறையில் மட்டும். சித்திரை வெக்கை தாங்காமல் கலக்கும் வேலையையும் நான் அங்கேயே கொண்டுபோனேன். என் சொகுசு அப்படி.

பெருகியதை ஜெல்லில் ஓடவிட்டுப் படமெடுத்தால், கிருமி உள்ள குழாய்க்கு நேரே ஒரு கோடு தெரியும். அக்காவின் குழாயில் நோய்க்கோடு தெரிந்தது. சரிபார்க்க வெறும் தண்ணீர் விட்டு வைக்கும் கடைசிக் குழாயிலும் தெரிந்தது. தண்ணீருக்கு நோய் வராது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். நானோ, படத்தில் அந்தக் கடைசிக் கோட்டை வெட்டிவிட்டு, நோய் உண்டு என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ, தங்கச்சி? என்ர இறால் நல்லாத் துள்ளுது."

"கண்ணால பாத்து அறிய ஏலாது அக்கா. மெசின் பிழை விடாது."

நோய் ஊரின் மற்றக் குளங்களுக்குப் பரவக்கூடாதென்று, மறுநாள் தன் கையாலேயே குளத்தில் குளோரின் கொட்டினார். பின்னேரத்துக்குள் இறால் முழுவதும் செத்து மிதந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த கிழமை, மிச்சமிருந்த மாதிரியை, கலக்குவதற்கென்றே இருந்த மற்ற அறையில் வைத்து ஒருவருக்கும் சொல்லாமல் சோதித்தேன். மூன்று தரம் செய்தும் கோடு இல்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. இன்று அந்த ஆய்வுகூடத்துக்கு நானே பொறுப்பு. அந்தப் பயம் எப்போதோ போய்விட்டது, ஆனாலும் சொல்லவில்லை. நினைத்தால் கூசிப்போகிறேன்.

போன மாதம் சந்தையில் அக்காவைக் கண்டேன். இப்போது நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் உடுப்புத் தோய்க்கிறாராம். பக்கத்தில் நின்ற மகளுக்கு என்னைக் காட்டினார்.

"இந்த அன்ரிதான் அண்டைக்கு ஊர்க் குளமெல்லாத்தையும் காப்பாத்தினவ."

தானும் என்னைப் போல ஆய்வுகூட வேலைக்குத்தான் படிக்கப்போவதாக அந்தப் பிள்ளை சொன்னது. நான் சிரித்துக்கொண்டே, நல்லாய்ப் படியுங்கோ என்றேன்.