கரியமில வாயுவும் தர்பூசணிக் கொடியும்: மரக்காணம் போய்வந்த கதை

மரக்காணம் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உப்பளத்தைப் படம் எடுக்க வேண்டும், கழுவெளிச் சதுப்பு நிலத்தில் பறவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். பிப்ரவரி முதல் வாரத்தில் என் தோழி சபீனா போன் செய்து, "வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன், வர்றியா?" என்று கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் எதற்காகப் போகிறாள் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே, படம் பார்க்க வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தப் பதிவில் உப்பளம் கொஞ்சமாகத்தான் வரும்.

சபீனாவுக்குச் சொந்த ஊர் மரக்காணம். பயிர்களுக்கு வரும் வைரஸ் நோய்களைப் பற்றி வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கண்ணாடி அறைகளில் செடி வளர்த்து, உள்ளே கரியமில வாயுவைக் கூட்டிவிட்டு, நோய் வந்தால் செடி என்ன செய்கிறது என்று பார்ப்பது அவள் பிழைப்பு. தம்பி யூசுப் ஷார்ஜாவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம் ஊரோடு வந்துவிட்டான். குத்தகைக்கு நிலம் எடுத்து தர்பூசணி போட்டிருந்தான். அந்தத் தர்பூசணியில் வைரஸ் விழுந்துவிட்டது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் எந்தப் பஸ்ஸிலும் மரக்காணத்தில் இறங்கலாம். சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு இறங்கினோம். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே சாலையின் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் தொடங்கிவிடுகின்றன. சீசன் இப்போதுதான் ஆரம்பம் என்பதால் உப்பு அதிகம் விளையவில்லை. வரப்போரம் கீற்று மூடிய குவியல்கள் சில நின்றன. சபீனா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஆட்டோ பிடித்தோம். நூற்றைம்பது ரூபாய் என்று பேசி ஏறியதும் டிரைவர், "யூசுப் பாய் கொல்லைக்கா? வைரஸ் வந்த கொல்லைதானே?" என்றார். அந்தப் பெயர் அதற்குள் பரவியிருந்தது. நான்தான் ஆமாம் என்றேன். "பாவம்ங்க. நோன்புக்குக் காய் வந்துடும், நல்லா போகும்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார். ரம்ஜான் நோன்பு தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை.

கொல்லை (இந்தப் பக்கம் வயலை அப்படித்தான் சொல்கிறார்கள்) சாலையிலிருந்து மேற்கே நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தூரத்தில் பார்க்கப் பச்சையாகத்தான் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கொடிகளின் நுனி தரையில் படராமல் விறைத்து நிமிர்ந்து, கருகி நின்றது. இலைகள் மஞ்சளும் பழுப்புமாகச் சுருங்கியிருந்தன. பிஞ்சுகளில் வளையம் வளையமாகப் புள்ளி. சபீனா ஒன்றைக் கத்தியால் பிளந்தாள். சிவக்க வேண்டிய சதை வெளிறி, கட்டையாக இருந்தது. இன்னும் ஐந்தாறு இடங்களில் குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

யூசுப் முப்பது வயதுக்காரன். சிரித்த முகம் என்று அவள் சொல்லியிருந்தாள். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அக்காவிடம் வந்து நின்றான்.

"சொல்லுக்கா. காப்பாத்த முடியுமா?"

"முடியாதுடா. இதுக்கு மருந்து இல்ல."

அவன் கருகிய ஒரு நுனியைக் கிள்ளி எறிந்தான். பிறகு, "நீதானே சொன்ன?" என்றான். குரல் உயரவில்லை. "சாச்சா பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் உக்காந்திருக்கச்சொல்ல சொன்ன. காத்துல அந்தக் கரியமில வாயு கூடக் கூட செடி வைரஸை நல்லா எதுத்து நிக்குதுன்னு. ஊர்ல எல்லாரும் கொல்லையைச் சுத்தி நாலு வரிசை சோளம் போடுப்பா, பூச்சி உள்ள வராதுன்னாங்க. நான்தான் வேணாம்னேன். என் அக்காவே சொல்லிருக்கான்னேன்."

சபீனாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"தக்காளிக்குச் சொன்னேன் யூசுப். கண்ணாடி ரூம்ல இருக்கிற தக்காளிக்கு."

அவள் அவனுக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். செடிக்குள் இரண்டு விதமான தற்காப்பு உண்டு. ஒன்று கிருமிக்கு எதிராக வேலை செய்வது. அதை நடத்துவது சாலிசிலிக் அமிலம். இன்னொன்று கடிக்கிற, சாறு உறிஞ்சுகிற பூச்சிகளுக்கு எதிரானது. அதற்கு வேறோர் அமிலம். கரியமில வாயு கூடும்போது தக்காளி போன்ற சில செடிகளில் முதலாவது வலுவடைகிறது, வைரஸ் குறைகிறது. ஆனால் பல நேரங்களில் முதலாவது ஏறும்போது இரண்டாவது இறங்கிவிடுகிறது, பூச்சிக்குக் கதவு திறந்துவிடுகிறது. தர்பூசணிக்கு இந்த வைரஸைக் கொண்டுவருவதே இலைப்பேன் என்கிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னப் பூச்சிதான். போதாததற்கு, வெயில் ஏறினால் முதலாவது தற்காப்பும் தளர்ந்துபோகும். கண்ணாடி அறையில் வைரஸை ஆய்வாளர்களே இலையில் தேய்த்துவிடுகிறார்கள். அங்கே பூச்சி கிடையாது. சூடும் அவர்கள் சொன்னபடி இருக்கும்.

"அப்போ இந்த வாயுவாலதான் என் கொடி செத்துச்சா?" என்று யூசுப் கேட்டான்.

"அதையும் நான் சொல்ல முடியாது. தர்பூசணிய நாங்க வச்சுப் பார்த்ததே இல்ல."

"ஒண்ணுமே சொல்ல முடியாதா உன்னால?"

அவள் பக்கத்துக் கொல்லையைக் காட்டி, "அது யாருது?" என்று கேட்டாள்.

அது அஞ்சலை என்பவருடையது. காலையில் உப்பளத்தில் கூலி வேலை, அது முடிந்ததும் இந்தச் சின்னத் துண்டு நிலம். ஜனவரியில்தான் விதைத்திருக்கிறார். கொடி இப்போதுதான் ஓட ஆரம்பித்து, இலை பளபளவென்று இருந்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு வரப்புதான்.

யூசுப்பின் கொடி நிற்கிற ஒவ்வொரு நாளும் இலைப்பேன் அங்கே போகும் என்றாள் சபீனா. மொத்தத்தையும் பிடுங்க வேண்டும். சும்மா பிடுங்கினால் பூச்சி எழும்பி நேரே பச்சைக் கொடிக்குத்தான் போகும். அதனால் முதலில் மருந்து அடித்துப் பூச்சியைக் கொன்றுவிட்டு, மறுநாள் பிடுங்கிப் புதைக்க வேண்டும். யூசுப் ஒத்துக்கொள்ளவில்லை. தெற்கு ஓரத்தில் கொஞ்சம் காய் தேறும், ஒரு வியாபாரி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், இன்னும் இரண்டு வாரம் விட்டால் போட்ட பணத்தில் ஏதாவது திரும்பும் என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அந்தக் கொல்லையில் போனது அவனுடைய எட்டு வருஷம்.

அந்த நேரத்தில் அஞ்சலை வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார். சபீனா விஷயத்தைச் சொன்னாள்.

"எனுக்கும் வந்துடுமாம்மா?"

"வரலாம். பிடுங்கினா வராம இருக்க வாய்ப்பு இருக்கு. உறுதியா சொல்ல மாட்டேன்."

அஞ்சலை யூசுப்பைப் பார்த்தார். "நான் இன்னா சொல்றது பாய். உன் கொல்லை. உனுக்கும்தான் கஷ்டம். ஆனா இது போச்சுன்னா வருஷம் பூரா உப்புப் பாத்தியிலயே நின்னாவணும். காலைப் பாரு, டாக்டரு தண்ணிலயே இறங்காதன்றாரு." பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குதிகாலில் வெடிப்புகள் சிவப்பாகப் பிளந்திருந்தன. யூசுப் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் திரும்பி வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். முதுகில் மருந்து அடிக்கிற டேங்க் இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் அஞ்சலையின் வரப்போரத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தான்.

இரவு நாங்கள் இருவரும் தெற்கே குயிலாப்பாளையம் போய் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கினோம். அம்மா அப்பாவைப் பார்க்க வீட்டுக்குப் போகலாமே என்றேன். "நாளைக்கு. எல்லாம் முடிஞ்ச பிறகு" என்றாள். அவள் தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திரும்பிப் போனோம். கையுறை மாட்டிக்கொண்டு நான்கு பேரும் பிடுங்கினோம். அஞ்சலை அன்று உப்பளத்துக்குப் போகவில்லை. தர்பூசணிக் கொடியின் வேர் ஆழமில்லை, சுலபமாக வந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு கொடியோடும் பிஞ்சுகள் உருண்டு வந்தன. தெற்கு ஓரத்துக்கு வந்தபோது யூசுப் நின்றான். அங்கே நல்ல காய்கள் பத்துப் பன்னிரண்டு இருந்திருக்கும். "இதையுமா?" என்று கேட்டான். சபீனா தலையசைத்தாள். அவன் பிடுங்கவில்லை, அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். கடைசியில் சபீனாதான் குனிந்து பிடுங்கினாள். பிடுங்கிக்கொண்டே அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் போட்டதைச் சாக்கில் அள்ளினான்.

மாலை நான்கு மணிக்குக் குழியை மூடினோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உப்பளம் பார்க்க மார்ச் முதல் ஜூன் வரை நல்லது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு கண் கூசும். பாத்தியில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தங்குவதற்கு மரக்காணத்தைவிடக் குயிலாப்பாளையம் பக்கம் வசதி; சுமார் முப்பது கிலோமீட்டர். ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்: சாலையோரம் பழம் வாங்குங்கள், ஆனால் போட்டோவுக்காக ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்கு நடக்காதீர்கள். அந்தப் பூச்சி துணியில் ஒட்டிக்கொண்டும் போகும்.

இதை எழுதுவதற்கு முன் சபீனாவிடம் பேசினேன். யூசுப் மறுபடி விசாவுக்குக் கொடுத்திருக்கிறான். தர்பூசணியைப் பூச்சியோடும் சூட்டோடும் சேர்த்துக் கண்ணாடி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். அனுமதி வந்தாலும் விடை தெரிய வருஷங்கள் ஆகுமாம். அஞ்சலையின் கொல்லையில் முதலில் வரப்போரம் நுனி நிமிர்ந்தது. அப்புறம் நடுவில். ஒரு சின்ன வண்டி அளவுக்குத்தான் காய் கிடைத்தது.

"அஞ்சலை போன் பண்ணாங்க" என்றாள் சபீனா. திட்டுவார் என்று பயந்துகொண்டே எடுத்தாளாம். அவர் திட்டவில்லை. அடுத்த வருஷமும் இதையே போடலாமா, இல்லை விட்டுவிடட்டுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். தெரியவில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"சரிம்மா. தெரிஞ்சா சொல்லு. நான் பாத்திலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.