முப்பதாம் பக்கத்துத் தையல்

பசாரில் மீன் வாங்க நின்றபோது கைப்பேசியில் செய்தி வந்தது: அலோர் காஜா தையல்கடை லெட்சுமி அக்கா தவறிவிட்டார். மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவர் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். எனக்கு, தையல் கடையின் ஒரு சுவர் முழுக்க நாவல்களை அடுக்கி இரவல் கொடுத்தவர். படித்ததையே மறுபடி எடுத்துப்போகாமல் இருக்க, படித்தவர்கள் முப்பதாம் பக்க ஓரத்தில் அவரவர் அடையாளம் போடுவது வழக்கம். ஒருவர் பூ வரைவார், இன்னொருவர் வட்டம். அக்கா மட்டும் நூலால் ஒரு தையல் போடுவார். "முழுசா முடிக்காம ஊசிய எடுக்க மாட்டேன்லா" என்பார்.

அந்தச் சுவர் மாறிக்கொண்டே இருந்தது. ரப்பர் தோட்டத்துப் பெண்கள் வந்த காலத்தில் குடும்ப நாவல்கள் வைத்த இடத்தில் இருக்கா, உடனே இரவல் போய்விடும். பிறகு துப்பறியும் கதைகள், பேய்க்கதைகள். பிள்ளைகள் புக்கிட் ரம்பாய்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனதும் சுயமுன்னேற்ற நூல்கள் வந்து உட்கார்ந்தன. நான் சலித்துக்கொண்டபோது அக்கா ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார்: "அப்ப மாமியாருக்குப் பயந்தாங்க, குடும்பக் கதை கேட்டாங்க. இப்ப மேனேஜருக்குப் பயப்படுறாங்க, முன்னேறுற புக்கு கேக்குறாங்க. இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு தம்பி?"

எனக்குக் கோபம் இருந்தது. நான் எழுதிய ஒரே நாவல் குடும்ப நாவல். அது அச்சாகி வந்தபோது அதன் காலமே முடிந்திருந்தது. நான் இருக்கும் கிளேபாங்கிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதால் முதல்நாளே போன் செய்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். போனதும் கண் தானாக அலமாரியில் என் புத்தகத்தைத் தேடும். இருக்காது. "வெளிய போயிருக்கு தம்பி" என்பார் அக்கா. ஒருமுறை, "படிச்சவங்க கேக்குறாங்க, எட்டாவது அத்தியாயத்துல அந்தப் பொண்ணு ஏன் அவ்வளோ சீக்கிரம் புருஷன மன்னிச்சிருச்சி?" என்றார். எனக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்ற திமிரில் அரைமணி நேரம் விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்த பிறகு அவருடைய மகள் என் நாவலை என்னிடம் கொடுத்தாள்.

"அம்மா தலைமாட்டுல இருந்துச்சி அங்கிள். யாரும் எடுக்காம கடையிலேயே கிடக்குறத பாத்தா நீங்க வருத்தப்படுவீங்கன்னு, உங்க போன் வந்ததும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருவாங்க. வந்தா சும்மா வைக்க மாட்டாங்க, உக்காந்து படிப்பாங்க."

முப்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். பூ இல்லை, வட்டம் இல்லை. சிவப்பு, பச்சை, ஊதா என்று அந்தந்த வாரம் யாருக்கோ ரவிக்கை தைத்த நூலில் பதினொரு தையல்கள்.

ஊரே என்னைப் படித்தது என்று இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தை விரலால் தடவும்போது அழுகைதான் வருகிறது.

புத்தகம் இனி என்னிடம்தான் இருக்கும். நேற்று எட்டாவது அத்தியாயத்தை மறுபடி படித்தேன். நீங்கள் கேட்டது சரி அக்கா. அந்தப் பெண் அவ்வளவு சீக்கிரம் மன்னித்திருக்கக் கூடாது.